பூசணிக்காய் அளவுக்கு ஒரு பிள்ளை

ஒரு மொழியில் வணக்கம் சொல்லவும் மணி கேட்கவும் தெரிந்தவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அதே மொழியில் 'இது அதன் அளவுக்கு இருக்கிறது' என்று ஒப்பிட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டான் பாருங்கள், அவனை மட்டும் விசேஷ வீட்டுக்குள் விடக்கூடாது. என்னை விட்டார்கள். அதுவும் என் மனைவியின் வளைகாப்புக்கு.

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். (இப்போதும் நடத்துகிறேன். வகுப்பு அதேதான், வாத்தியார்தான் கொஞ்சம் அடங்கிவிட்டார்.) கீழே காதர் அண்ணாச்சியின் வளையல் கடை. மாடியும் அவருடையதே. கடைக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் கலரையும் சைஸையும் இங்கிலீஷிலேயே கேட்கிறார்கள் என்று அவரும் வகுப்பில் சேர்ந்திருந்தார். முதல் வரிசையில் உட்காருவார். நான் தும்மினாலும் 'வெரி குட் சார்' என்பார்.

எனக்குப் பிடித்த பாடம், அளவு சொல்வது. வெறுமனே 'பிக்', 'வெரி பிக்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது இங்கிலீஷ் இல்லை, இங்கிலீஷுக்குப் பிடித்த ஜுரம் என்று மாணவர்களைப் பயமுறுத்துவேன். 'தி சைஸ் ஆஃப் எ' என்று தொடங்க வேண்டும். 'ட்வைஸ் தி சைஸ் ஆஃப்' என்று வளர்க்க வேண்டும். 'அஸ் பிக் அஸ் எ' என்று முழங்க வேண்டும். அப்போதுதான் நேச்சுரல். அந்த 'நேச்சுரல்' என்ற சொல்லை உச்சரிக்கும்போது என் மூக்கு கொஞ்சம் மேலே போகும் என்று செல்வி சொல்லுவாள். செல்வி என் மனைவி.

ஒருநாள் ஆலங்கட்டி மழை பற்றி ஒரு வாக்கியம் எழுதிப் போட்டேன். கோல்ஃப் பந்து அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது என்று. காதர் அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

"சார், இந்தக் கோல்ஃப் பந்து எம்புட்டு இருக்கும்?"

நான் பார்த்ததில்லை. வாத்தியார் அதைச் சொல்லலாமா? "பெரிய நெல்லிக்காய் இருக்கும்லா அண்ணாச்சி, அதவிடக் கொஞ்சம் பெருசு."

"அப்பம் நெல்லிக்காய்ன்னே சொல்லிரலாமே சார்?"

"சொல்லலாம். நேச்சுரலா இருக்காது."

"நாம பாக்காத பந்தச் சொன்னாத்தான் நேச்சுரலா சார்?"

வகுப்பே சிரித்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் வீடு தீப்பெட்டி அளவு என்று இங்கிலீஷில் சொல்லி உட்கார்ந்தாள். இன்னொருவர் எழுந்து, தன் மச்சானின் வயிறு மச்சானைப்போல் இரண்டு மடங்கு என்றார். இலக்கணப்படி அது சரியாகவே இருந்தது. அன்றுதான் எனக்கு ஞானம் பிறந்தது. உள்ளூர்ச் சரக்கை வைத்தே நேச்சுரலாகப் பேசலாம். ஞானம் அந்த அளவோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

இனி என் அத்தையைச் சொல்ல வேண்டும். அத்தை என்றால் செல்வியின் அம்மா, பேச்சியம்மாள். விளாத்திகுளத்துக்குப் பக்கத்துக் கிராமம். கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். அவர் வாயிலிருந்து 'பெரிசு' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. களம் முழுக்க மிளகாய் வத்தல் காயும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பு ஜமுக்காளம் விரித்த மாதிரி கிடக்கும். "வெள்ளாமை எப்படி அத்தை?" என்று கேட்டால், "என்னத்த வெள்ளாம மாப்ள, ஏதோ கொஞ்சூண்டு கெடக்கு" என்பார். தொழுவத்தில் யானைக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடிய மாடு நிற்கும். "ஆட்டுக்குட்டி கணக்கா ஒண்ணு நிக்கி" என்பார். பிள்ளைகளைச் சொல்லும்போது இன்னும் குறைத்துவிடுவார். கொழுகொழு என்று இருக்கும் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம், "இதென்ன எலிக்குஞ்சு மாதிரி இருக்கு, சோறு போடுதீங்களா இல்லையா" என்று கேட்பார். அவர்களும் கோபப்படாமல், "ஆமா சித்தி, வளரவே மாட்டேங்கான்" என்று சந்தோஷமாகப் போவார்கள்.

இதை நான் குறை சொல்லும் புத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (கோவில்பட்டிக்காரனுக்கு விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் என்றால் ஒரு எளக்காரம். இந்தக் கோவில்பட்டியை மதுரைக்காரன் எப்படிப் பார்க்கிறான் என்று நாங்கள் யோசிப்பதில்லை.) பெரிது என்று வாயால் சொன்னால் கண்ணு பட்டுவிடும், அதனால் உசந்ததை எல்லாம் இறக்கியே சொல்லுவார்கள், அது அவர்கள் வாழ்த்துகிற விதம் என்று யாரும் எனக்கு உரை எழுதித் தரவில்லை.

செல்வி உண்டானதும் நான் போனில் ஒரு ஆப் இறக்கினேன். வயிற்றுப் பிள்ளை வாராவாரம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லும். என் பாடத்துக்கென்றே செய்தது போல இருந்தது. முதலில் ஏதோ விதை அளவு என்றது. அப்புறம் பழம் பழமாக அடுக்கியது. பாதிப் பழங்களை நானும் பார்த்ததில்லை, செல்வியும் பார்த்ததில்லை. அண்ணாச்சியின் ஞானப்படி எல்லாவற்றையும் நம் ஊர்க் காய்களாக மாற்றிச் சொல்லுவேன். "இந்த வாரம் கடலைப் பருப்பு." "இந்த வாரம் பருத்திக்காய்." "இந்த வாரம் மாங்காய், ஆனா கிளிமூக்கு." அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஏலே கிளிமூக்கு" என்று கூப்பிடுவாள். அந்த நாட்களில் எங்களுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

எட்டாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "பிள்ளை மாசத்துக்குக் கொஞ்சம் சிறுசா இருக்கு. பயப்பட வேண்டாம். அடிக்கடி வந்து காட்டுங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்றார். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மனிதனுக்குப் பயமே வருகிறது. ஆட்டோவில் வரும்போது செல்வி ஸ்கேன் ரிப்போர்ட்டையே பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். பிறகு, "எம்புட்டு சிறுசு?" என்று கேட்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒப்பிட எதுவும் இல்லை. ஆப்பைத் திறந்து அந்த வாரத்துப் பழத்தைச் சத்தமாக வாசித்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதிய அளவு அது, எங்கள் பிள்ளையின் அளவு இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் வாசித்தேன். அவளும் கேட்டுக்கொண்டாள். வயிற்றைத் தொட்டுக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. சின்ன மண்டபம், ஏசி வேறு, அதனால் சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. செல்வி பட்டுச்சேலையில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். காதர் அண்ணாச்சி தானே தேர்ந்தெடுத்த கண்ணாடி வளையல்களைப் பெட்டியோடு கொண்டுவந்து, "நம்ம வீட்டுப் பிள்ள" என்று அத்தை கையில் கொடுத்துவிட்டு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்க தோஷம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள்.

குளத்தூரிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர், அத்தைக்கு அக்கா முறை, வளையலைப் போட்டுவிட்டுச் செல்வியின் வயிற்றைப் பார்த்தார். ஊருக்கே கேட்கும் குரல் அவருக்கு. "என்னட்டி இது, ஒம்பதாம் மாசத்து வயிறு மாதிரியே தெரியலயே! உள்ள எலிக்குஞ்சு மாதிரிதான் கெடக்குமோ?"

பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் திருப்தியாகத் தலையாட்டினார். பெரியம்மா வாழ்த்திவிட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். செல்விக்கும் தெரியும், அந்த ஊரில் வளர்ந்தவள்தானே. ஆனால் ஸ்கேன் பார்த்து வந்த காதில் அது வாழ்த்தாக விழவில்லை. அவள் முகம் அப்படியே சுருங்கியது. வளையல் போட்ட கையால் வயிற்றை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த எனக்கு மண்டைக்குள் ஏதோ பிடுங்கிக்கொண்டது.

ஆண்கள் பேசுகிற இடமில்லை அது. நான் எழுந்தேன். எழுந்ததோடு விட்டேனா? வகுப்பில் நிற்கிற மாதிரி நின்று, மூக்கை மேலே தூக்கி, முதலில் இங்கிலீஷில் சொன்னேன்: "தி பேபி இஸ் அஸ் பிக் அஸ் எ பம்ப்கின்!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புரியவில்லை போல என்று நினைத்து மொழிபெயர்ப்பும் கொடுத்தேன்.

"எலிக்குஞ்சு இல்ல பெரியம்மா. பிள்ள பூசணிக்காய் அளவுக்கு இருக்கு உள்ள!"

முதல் வரிசையிலிருந்து காதர் அண்ணாச்சி மட்டும் உற்சாகமாகக் கை தட்டினார். "வெரி குட் கம்பேரிசன் சார்!"

வேறு யாரும் தட்டவில்லை. பெரியம்மா வாயில் கையை வைத்தார். ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் ஒப்பிட முடியாது.

"மாப்ள! எந்தக் காயச் சொல்லுதீங்க? ஒடைக்கிற காயவா எம் பிள்ள வயித்துக்குச் சொல்லுவாவ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசணிக்காயில் குங்குமத்தைத் தடவி, சூடம் ஏற்றி, தலையைச் சுற்றி நடுத்தெருவில் போட்டு உடைப்பதை நான் பார்க்காதவனா? எங்கள் வகுப்பு மாடிக்கே ஆயுத பூஜை தோறும் நான்தான் உடைக்கிறேன். ஆனால் ஆப் படித்துப் படித்துப் பூசணிக்காய் எனக்கு ஒரு காயாகவே தெரியாமல் வெறும் அளவாகிப் போயிருந்தது. பிள்ளையைப் பெரிது என்று கூட்டத்தில் சொன்னது ஒரு குற்றம். கண்ணு கழித்துத் தெருவில் உடைக்கிற காயையே அதற்கு உவமை சொன்னது அதைவிடப் பெரிய குற்றம்.

அத்தை எழுந்தார். "இப்பமே சுத்திப் போடணும். மாப்ள, உங்க வீட்டுக்குன்னு கொண்டாந்த வத்தல் அந்த ரூம்புல இருக்கு. கொஞ்சூண்டு எடுத்துட்டு வாங்க. சாம்பிராணிக் கங்குலயே போட்ருவோம்."

இந்த இடத்தில்தான் நான் புத்திசாலியானேன். அறைக்குப் போகும் வழியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் பெரியதைச் சின்னதாகச் சொல்லுவார்கள். மாடு என்றால் ஆட்டுக்குட்டி. களம் நிறைய வத்தல் என்றால் கொஞ்சூண்டு. அப்படியானால் அத்தை இப்போது 'கொஞ்சூண்டு' என்றால் எவ்வளவு? ஒரு தவறு செய்துவிட்டு நிற்கிற மருமகன் இதிலாவது அவர் மனதை அறிந்து நடக்க வேண்டாமா? பையில் இருந்ததைப் பாதிக்கு மேல் முறத்தில் அள்ளினேன். அடுக்களையிலிருந்து உப்பையும் தாராளமாகப் போட்டேன்.

அத்தை செல்விக்கு எதிரில் நின்று கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தார். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று வரிசையாகப் போய் கடைசியில் "மாப்ள கண்ணு" என்று ஒன்றையும் சேர்த்தது என் காதில் விழுந்தது. கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டினார். ஒரு கை வத்தலையும் உப்பையும் அள்ளிக் கொடுத்தேன். செல்வியின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, "கங்குல போடுங்க" என்று என் கையிலேயே திருப்பித் தந்தார். போட்டேன். சுற்றிய கையளவோடு முறத்தில் மிச்சம் இருந்ததையும் சேர்த்துக் கவிழ்த்தேன்.

விளாத்திகுளத்து வத்தல் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்கு நான் எழுத்தில் விளக்க முடியாது. முதலில் ஒரு படபடப்பு. அப்புறம் ஒரு புகை எழுந்து, ஏசி காற்றில் ஏறி, மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. யாரோ ஒருவர் தும்மினார். பிறகு மண்டபமே ஒரே தொண்டையாக இருமத் தொடங்கியது.

புகை பரவும் முன்பே குளத்தூர்ப் பெரியம்மா, அந்த எலிக்குஞ்சுக்காரர்தான், செல்வியின் தோளை அணைத்து, முந்தானையால் அவள் மூக்கைப் பொத்தி, வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார். என்னை யாரும் பொத்தவில்லை. பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றன. சந்தனக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி ஒருவர், சாதக் கரண்டியோடு சமையல்காரர், வளையல் பெட்டியை மார்போடு அணைத்தபடி காதர் அண்ணாச்சி. போகிற டவுன் பஸ் வேகத்தைக் குறைத்தது. சன்னலில் இருந்தவர், "என்ன அண்ணாச்சி, உள்ள அடிதடியா?" என்று கேட்டார். "வளைகாப்பு" என்று சொல்ல முயன்று அண்ணாச்சி 'வளை'யோடு நின்றுவிட்டார்.

எல்லோருக்கும் கடைசியாக அத்தை வெளியே வந்தார். கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாக வடிந்தது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போகலாமா என்று பார்த்தேன். மரம் இல்லை. அத்தை நேராக என்னிடம் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நெடி வந்துட்டு மாப்ள! நல்ல நெடி! எங்கண்ணு உங்கண்ணு ஒண்ணும் இல்ல எம் பிள்ளைக்கு!"

கண்ணு பட்டிருந்தால் எவ்வளவு வத்தலைப் போட்டாலும் நெடி வராது, நெடி வந்தால் கண்ணு இல்லை. அது கணக்கு. அந்தக் கணக்குப்படி அன்றைக்குக் கோவில்பட்டியில் எங்கள் பிள்ளையைப்போலக் கண்ணுபடாத பிள்ளை வேறு கிடையாது. கூட்டம் இருமிக்கொண்டே சிரித்தது. "கொஞ்சூண்டுன்னுல்லா சொன்னேன்" என்றார் அத்தை. "உங்க ஊருக் கொஞ்சூண்டுன்னு நெனச்சேன் அத்தை" என்றேன் நான். அதைக் கேட்டதும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்த செல்வி சிரிக்கத் தொடங்கினாள். கை நிறைய வளையல் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தவே முடியாமல் சிரித்தாள். ஸ்கேனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பு எங்கேயோ அழுகையாகத் திரும்பியது. "யம்மா, பிள்ள சிறுசா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாவ" என்றாள்.

அத்தை அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். முந்தானையால் தன் முகத்தைத் துடைத்து, அதே முந்தானையால் மகள் முகத்தையும் துடைத்தார். அதில் ஒட்டியிருந்த காரத்தில் இரண்டு பேருக்கும் மறுபடி கண்ணீர் வந்தது. "சரி. நான் இங்கனயே இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். வழக்கப்படி செல்வி தாய்வீட்டுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று அத்தையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காட்டில் வேலை கிடந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, "ஏதோ கொஞ்சூண்டு வேலதான்" என்றார்.

பிள்ளை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது எனக்குத் துணிதான் முதலில் தெரிந்தது. அதற்குள் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். சிறிசுதான். மிகவும் சிறிசு. "எடை கொஞ்சம் கம்மி, மத்தபடி நல்லா இருக்கா" என்றார்கள். அவளைச் செல்வியின் பக்கத்தில் கிடத்தினார்கள். செல்வி பார்த்தாள். விரலை, நகத்தை, காதைப் பார்த்தாள். "இம்புட்டுக்காண்டு இருக்காளே" என்று உதடு துடிக்கச் சொன்னாள். என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லு என்று கேட்கும் பார்வை. ஊருக்கெல்லாம் அளவு சொல்லிக் கொடுத்த வாத்தியார் நான். கடலைப் பருப்பிலிருந்து மாங்காய் வரை வாராவாரம் வாய் ஓயாமல் அளந்தவன். பிள்ளையைச் சுற்றிய துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அத்தைதான் குனிந்து பிள்ளையை எடுத்தார். அது பொதுவார்டு. சுற்றிலும் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் சொந்தக்காரர்கள், எல்லாக் கண்களும் எங்கள் பக்கம். ஆயுள் முழுக்க மாட்டை ஆட்டுக்குட்டி என்று சொன்ன பேச்சியம்மாள், அத்தனை கண்களுக்கும் நடுவில் பிள்ளையை உயர்த்திப் பிடித்து, வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்:

"யாரு சொன்னா சின்னப் பிள்ளன்னு? எம் பேத்தி எம்புட்டுப் பெருசா இருக்கா! பூசணிக்காய் கணக்கால்ல இருக்கா!"

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். அத்தை பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "மாப்ள, வீட்டுக்குப் போயி வத்தல் எடுத்து வைங்க. சாயங்காலம் சுத்திப் போட்ருவோம்" என்றார். நாலடி நடந்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "கொஞ்சூண்டு. நெசமாவே கொஞ்சூண்டு."

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அளவு இரண்டுதான்: கொஞ்சூண்டு, நெசமாவே கொஞ்சூண்டு. எதை எடுத்து வரச் சொன்னாலும் எந்தக் கொஞ்சூண்டு என்று கேட்டுவிட்டுத்தான் போவேன். காதர் அண்ணாச்சி அளவு சொல்லும் பாடம் வரும் நாளில் புது மாணவர்களிடம் முழுக் கதையையும் சொல்லி, இருமியும் காட்டுவார். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது, வீட்டில் பூசணி. முருங்கைக்காய் மாதிரி ஒல்லியாக, உயரமாக வளர்ந்து நிற்கிறாள்.

ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அத்தை அவளைப் பார்த்ததும், "எங்க வளந்தா? அப்படியேதான் இருக்கா" என்பார். கையில் இருக்கும் பையைத் திறந்தால், அடுத்த வருஷத்துக்கும் போடும்படி ஒரு கவுன் இருக்கும். போன தடவை பூசணி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "ஆச்சி, நான் பொறக்கும்போது எம்புட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். ஆச்சி கதவைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், வேறு யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவள் காதுக்குள் ஒரு வார்த்தை சொன்னார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் யாரும் சொல்லாமலேயே எழுந்து போய் ரெண்டே ரெண்டு வத்தல் எடுத்துக்கொண்டு வந்தேன்.